மூட்டுத் தேய்மானம், முதுகு வலி, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: நோயாளியைப் பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எலும்பு வார்டுக்குப் புதிதாக டியூட்டிக்கு வருபவர்கள் அன்பினால் செய்யும் ஒரு தவறு உண்டு. முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து வந்தவர் வலியில் முகத்தைச் சுளிப்பார். பார்க்கப் பொறுக்காமல் அவர் முட்டிக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகிவிடுவார்கள். முட்டி லேசாக மடங்கியதும் வலி குறையும், அவரும் தூங்கிவிடுவார். நாள் கணக்கில் இப்படியே விட்டால் முட்டி அந்த மடக்கத்திலேயே இறுக ஆரம்பித்துவிடும். அப்புறம் காலை முழுதாக நீட்ட வைக்க வாரக்கணக்கில் போராட வேண்டும்.

மூட்டு நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் உள்ள சிக்கல் முழுவதும் அந்தத் தலையணைக்குள் இருக்கிறது. அசையாமல் வைத்திருந்தால் இதமாக இருக்கும், ஆனால் அந்த இதமே மூட்டைக் கெடுத்துவிடும். வலியைக் குறைக்கிறோம் என்றால் அவரை எழுந்து நடக்க வைப்பதற்காகக் குறைக்கிறோம். கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியும் இந்த எண்ணத்தோடு சொன்னதுதான். வார்டு நர்ஸுக்கும், வீட்டில் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிற மகனுக்கும் மகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் படி: வலியை முறையாக விசாரியுங்கள்

"வலி பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டு எழுதிக்கொள்வதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். படுத்திருப்பவரிடம் கேட்டால் இரண்டு என்பார். அவரையே எழுந்து நிற்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள், ஏழு என்பார். நமக்கு வேண்டியது அந்த ஏழுதான். அசையும்போது எவ்வளவு வலி, எந்த அசைவில் வருகிறது, எத்தனை அடி நடந்தபின் வருகிறது என்று கேட்டு எழுதுங்கள்.

காலையில் எழுந்ததும் மூட்டு எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்கிறது என்பது இன்னொரு முக்கியமான கேள்வி. தேய்மானத்தில் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கிச் சூடாக இருந்தால் அது முடக்குவாதம் போன்ற வேறு நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். வலி இருக்கும் இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டு கெட்டிருந்தால் வலி தொடை இடுக்கில் வரும், சிலருக்கு முட்டியில் மட்டுமே தெரியும். முட்டியை எத்தனை முறை எக்ஸ்ரே எடுத்தாலும் காரணம் அங்கே இருக்காது.

எக்ஸ்ரேயை மட்டும் வைத்து ஆளை எடை போடாதீர்கள். படத்தில் மோசமாகத் தெரியும் முட்டியோடு நன்றாக நடப்பவர் உண்டு, படம் சுமாராக இருந்தும் வலியில் தவிப்பவர் உண்டு. அவரால் எதைச் செய்ய முடியாமல் போயிற்று என்பதே சரியான அளவுகோல்: சாக்ஸ் போடுவதா, தாழ்வான கழிப்பறை இருக்கையிலிருந்து எழுவதா, இரவில் புரண்டு படுப்பதா?

இரண்டாம் படி: 'தேய்மானம்' என்ற சொல்லை விளக்குங்கள்

இந்தச் சொல் நோயாளியைப் பயமுறுத்துகிறது. டயர் தேய்வது போல மூட்டும் தேய்கிறது, நடக்க நடக்க இன்னும் தேய்ந்துபோகும் என்று நினைத்து நடப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் போக வேண்டும். எடை படும்போது அமுங்கி, எடை விலகும்போது திரவத்தை உறிஞ்சி, ஸ்பஞ்சு போல அது வேலை செய்கிறது. அசைவு நின்றால் ஊட்டம் குறையும், கூடவே தொடைச் சதை சுருங்கும், முட்டியைத் தாங்க ஆள் இல்லாமல் போகும். வலி இன்னும் கூடும். இதை நோயாளியிடம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். ஒரு நாள் மாத்திரையைவிட இந்த ஐந்து நிமிடம் பெரிய மருந்து என்று நான் நம்புகிறேன்.

தொடைப் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். படுக்கையில் காலை நீட்டி உட்கார வைத்து, முட்டியின் பின்பக்கத்தால் மெத்தையை அழுத்தச் சொல்லுங்கள். உங்கள் உள்ளங்கையை அவர் முட்டிக்கு மேலே தொடையில் வையுங்கள். சதை கல் போல இறுகுவது கைக்குத் தெரியும், முட்டிச் சிப்பி லேசாக மேலே ஏறுவதும் தெரியும். ஐந்து வரை எண்ணி விடச் சொல்லுங்கள், பத்து முறை. அப்புறம் அவர் கையையே எடுத்து அதே இடத்தில் வையுங்கள். தன் சதை இறுகுவதைத் தொட்டுப் பார்த்தவர் வீட்டிலும் செய்வார்.

உடல் எடை கூடுதலாக இருந்தால், ஒரு கிலோ குறைத்தாலே ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறக்குறைய நான்கு கிலோ சுமை குறையும். 'எடையைக் குறையுங்கள்' என்று சொல்வதைவிட இந்தக் கணக்கைச் சொன்னால் காதில் ஏறும்.

ஊன்றுகோலை வலிக்கும் காலின் பக்கம் பிடிப்பதுதான் எல்லோரும் செய்வது. எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும், வலிக்கும் காலோடு சேர்த்து முன்னே வைக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் கோலின் கைப்பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்கட்டும். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

இறுக்கத்துக்குச் சூட்டு ஒத்தடம், வீக்கத்துக்கு ஐஸ். இரண்டையும் துணி சுற்றித்தான் வைக்க வேண்டும், 15 முதல் 20 நிமிடம் போதும். சுகரால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூட்டு ஒத்தடம் வைப்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள், கொப்புளம் வந்த பிறகுதான் அவருக்கே தெரியும்.

மருந்தில், முட்டி வலிக்கு முதலில் தடவும் ஜெல். அது போதாதபோதுதான் வலி மாத்திரை. கொடுப்பதற்கு முன் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, பிபி, இதய நோய், ரத்தத்தை இளக்கும் மாத்திரை, இந்த ஐந்தையும் கேளுங்கள். பாராசிட்டமால் சளிக் காய்ச்சல் மாத்திரைகளுக்குள்ளும் இருக்கும், தெரியாமல் இரட்டிப்பாகப் போய்விடக் கூடாது. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால், சுகர் உள்ளவருக்குச் சில நாட்கள் சுகர் ஏறும். முன்கூட்டியே சொல்லி, அடிக்கடி பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: முதுகு வலியில் முதலில் ஆபத்தைத் தேடுங்கள்

பெரும்பாலான இடுப்பு, முதுகு வலிகள் சில வாரங்களில் தானே குறைந்துவிடும். ஆனால் ஒரு சிலவற்றை அன்றைக்கே கண்டுபிடிக்க வேண்டும். சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படும் இடம் மரத்துப்போயிருக்கிறதா? சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்திருக்கிறதா, அல்லது தெரியாமலே போகிறதா? மலம் கட்டுப்பாடின்றிப் போகிறதா? இரண்டு கால்களும் பலமிழந்து வருகின்றனவா? தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்கினால் இப்படி ஆகும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமான அவசரம் இது. மருத்துவர் காலையில் வருவார் என்று காத்திருக்கக் கூடாது.

இந்தக் கேள்விகளைக் கேட்க நமக்கும் கூச்சமாக இருக்கும், அவர்களும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். திரையை இழுத்துவிட்டு நேராகக் கேளுங்கள்: "துடைக்கும்போது உணர்ச்சி தெரிகிறதா அம்மா?" இந்த ஒரு வரி ஒருவருடைய மிச்ச வாழ்நாளைக் காப்பாற்றும்.

காய்ச்சலோடு முதுகு வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வந்த வலி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்த பிறகு வந்த வலி, நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்குத் திடீரென வந்த வலி இவையும் உடனே சொல்ல வேண்டியவை.

ஆபத்து எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், படுக்கையில் வைக்காதீர்கள். வாரக்கணக்கில் படுத்த படுக்கையாக ஓய்வு என்பது பழைய முறை. அப்படிப் படுத்தவர்கள் மெதுவாகத்தான் தேறுகிறார்கள். தாங்கும் அளவுக்கு நடக்கட்டும், அரை மணிக்கு ஒரு முறை நிலை மாறட்டும். மல்லாந்து படுத்தால் முட்டிக்கு அடியில் தலையணை, ஒருக்களித்துப் படுத்தால் முட்டிகளுக்கு இடையில் தலையணை. (ஆமாம், முதுகு வலிக்காரருக்கு முட்டிக்கு அடியில் தலையணை சரி. முட்டி ஆபரேஷன் ஆனவருக்குத்தான் கூடாது.)

படுக்கையிலிருந்து எழும்போது நேராக நிமிர்ந்து எழ முயல்வதுதான் முதுகைச் சுண்டி இழுக்கும். முட்டிகளை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி மரக்கட்டை உருள்வது போல் ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்குக் கீழே இறக்கிக்கொண்டே முழங்கையை ஊன்றி எழ வேண்டும். முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனவரைத் திருப்பும்போது இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஒருவர் எண்ண, ஒரே நேரத்தில் திருப்புங்கள். இந்த வேலையில் நம் முதுகும் போய்விடும் என்பதை மறக்காதீர்கள். கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள், தனியாகத் தூக்காதீர்கள்.

நான்காம் படி: ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்கள்

மூட்டு மாற்றின் வெற்றியில் பாதி ஆபரேஷன் தியேட்டருக்குப் போவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. சுகர் கட்டுக்குள் வர வேண்டும், ரத்தசோகை இருந்தால் சரி செய்ய வேண்டும், புகைப்பவர் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பாவது நிறுத்த வேண்டும். சொத்தைப் பல், கால் விரலிடுக்கில் புண், சிறுநீர்த் தொற்று எதையும் மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சின்னப் புண்ணிலிருக்கும் கிருமிகூட ரத்தம் வழியாகச் செயற்கை மூட்டுக்குப் போய்க் குடியேறும். அப்படிக் குடியேறினால் வெளியேற்றுவது மிகக் கடினம். ஆபரேஷன் இடத்தில் பிளேடால் மழிக்கவே கூடாது, தேவைப்பட்டால் கிளிப்பரால் முடியை வெட்டினால் போதும்.

வாக்கரில் நடப்பதை, தொடைப் பயிற்சியை, கணுக்காலை ஆட்டுவதை இப்போதே பழக்குங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வலியும் மயக்கமும் இருக்கும்போது புதிதாக எதுவும் மண்டையில் ஏறாது. வீட்டில் கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி, கழிப்பறையில் பிடிமானம், வழுக்காத தரை, சுருட்டி வைத்த மிதியடிகள் இவற்றையும் முன்பே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: முதல் 24 மணி நேரம்

தியேட்டரிலிருந்து வந்ததும் பிபி, நாடி, மூச்சு, ஆக்சிஜன் அளவு எல்லாம் வழக்கம்போல. அதோடு காலைப் பார்ப்பதற்கென்று ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். போர்வையை விலக்கி இரண்டு பாதங்களையும் ஒன்றாகப் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நிறம் ஒரே மாதிரி இருக்கிறதா? புறங்கையால் தொட்டால் சூடு ஒன்றாக இருக்கிறதா? பாதத்தின் மேல் நாடி கிடைக்கிறதா? பிறகு பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தொட்டு, "இங்கே தெரிகிறதா?" என்று கேளுங்கள். கடைசியாக, "கால் விரல்களை உங்கள் முகத்தைப் பார்த்துத் தூக்குங்கள் ஐயா."

அந்த இரண்டு கேள்விகளும் முட்டிக்கு வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஓடும் ஒரு நரம்புக்காக. இறுக்கமான கட்டு அதை நசுக்கும். கால் வெளிப்பக்கம் சாய்ந்து மணிக்கணக்கில் கிடந்தாலும் நசுக்கும். பாதம் தொங்கிப்போகும். ஸ்பைனல் மயக்கம் (முதுகில் ஊசி போட்டுக் கால்களை மரக்கச் செய்வது) இன்னும் தெளியவில்லை என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் மற்றக் கால் அசைய ஆரம்பித்த பிறகும் இந்தக் கால் அசையவில்லை என்றால் உடனே சர்ஜனைக் கூப்பிடுங்கள். மருந்து கொடுத்தும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி, விரலை நீட்டினால் கத்தும் அளவு வலி இவையும் அப்படித்தான்.

ஸ்பைனல் தெளியும் வரை குதிகால் மரத்திருக்கும், அழுத்துவது தெரியாது. சில மணி நேரத்தில் புண் தொடங்கிவிடும். கெண்டைக்காலுக்கு அடியில் மெல்லிய தாங்கல் வைத்து, குதிகால் மெத்தையில் படாமல், முட்டியும் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ப் பையும் மரத்திருக்கும். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் சிறுநீர் போகாவிட்டால் அடிவயிற்றைப் பாருங்கள். கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டிருந்தால் எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

வயதானவர் இரவில் திடீரென்று குழம்பிப் பேசினால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். வலி, ஆக்சிஜன் குறைவு, சிறுநீர் அடைப்பு, மருந்து, ஒவ்வொன்றாகப் பாருங்கள். கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிடுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தெளிவதைப் பார்த்திருக்கிறேன். மார்ஃபின் வகை வலி மருந்து கொடுத்தால் மூச்சை எண்ணுங்கள், மலமிளக்கியையும் கூடவே ஆரம்பியுங்கள்.

ஆறாம் படி: முதல் முறை நிற்க வைப்பது

பெரும்பாலும் அன்றைக்கே, இல்லாவிட்டால் மறுநாள். இதில் மட்டும் வரிசை மாறவே கூடாது.

1. வலி மருந்தை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.
2. நரம்பு மரக்கும் ஊசி போட்டிருந்தால் தொடைக்குப் பலம் இருக்காது. காலை நேராக மெத்தையிலிருந்து தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட் வந்து பார்க்கும் வரை நிற்க வைக்காதீர்கள்.
3. கட்டில் ஓரத்தில் சில நிமிடம் உட்கார வையுங்கள். பிபி பாருங்கள். முகம் வெளுக்கிறதா, வியர்க்கிறதா?
4. வாக்கர் முன்னால், வழுக்காத செருப்பு காலில், குழாய்களும் பைகளும் ஓரமாக.
5. வாக்கரை இழுத்து எழக் கூடாது. கட்டிலை ஊன்றி எழுந்து, நின்ற பிறகு வாக்கரைப் பிடிக்க வேண்டும்.
6. முதலில் வாக்கர், அப்புறம் ஆபரேஷன் ஆன கால், அப்புறம் நல்ல கால்.

நான்கு அடி வைத்தால்கூட அன்றைக்கு அது வெற்றிதான், அவரிடம் சொல்லுங்கள். மாடிப்படிக்கு ஒரு வரி போதும்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

ஏழாம் படி: முட்டியும் இடுப்பும் ஒன்றல்ல

முட்டிக்கு இரண்டு இலக்கு: முழுதாக நீட்டுவது, 90 டிகிரியாவது மடக்குவது. எல்லோரும் மடக்குவதையே எண்ணிக்கொண்டிருப்பார்கள். நீட்டுவதை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வேளையும் சிறிது நேரம் குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துண்டை வைத்து, முட்டி தானாகக் கீழே இறங்க விடுங்கள். வலிக்கும்; அதனால்தான் மருந்து வேளையோடு சேர்த்துச் செய்யச் சொல்கிறேன்.

இடுப்பு மூட்டு மாற்றில் பயம் வேறு: மூட்டு நழுவுவது. பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் 90 டிகிரிக்கு மேல் குனியக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. முன்பக்கமாகச் செய்திருந்தால் காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதுதான் ஆபத்து. எந்த வழி என்று ஆபரேஷன் குறிப்பைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். சில சர்ஜன்கள் இப்போது இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியும் விடுகிறார்கள். திடீரென்று தாங்க முடியாத வலி, கால் குட்டையாகத் தெரிவது, ஒரு பக்கம் திரும்பிக் கிடப்பது என்றால் நழுவியிருக்கலாம். அசைக்காமல், வாயில் எதுவும் கொடுக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

எட்டாம் படி: ரத்தக் கட்டியும் கிருமியும்

விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் பத்து முறை கணுக்காலை மேலும் கீழும் ஆட்டட்டும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஊசியையோ மாத்திரையையோ வீட்டுக்குப் போன பிறகும் சொன்ன நாள் வரை நிறுத்தக் கூடாது. மருந்தைப் பொறுத்து முட்டிக்கு இரண்டு வாரம், இடுப்புக்கு ஐந்து வாரம் வரைகூட இருக்கும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் தேய்த்துவிடாதீர்கள், உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

காயத்தைச் சும்மா சும்மா திறந்து பார்ப்பதே தொற்றுக்கு வழி. டிரெஸ்ஸிங் நனையாமல் இருந்தால் தொடாதீர்கள். தையல் பிரிப்பது பொதுவாக 10 முதல் 14 நாளில். முதல் சில நாட்களுக்குப் பிறகும் காயம் கசிந்துகொண்டே இருந்தால், சிவப்பு பரவினால், குறைந்து வந்த வலி மறுபடி கூடினால், சர்ஜன் பார்க்க வேண்டும். அவர் பார்ப்பதற்கு முன் யாரும் ஆன்டிபயாடிக் மாத்திரை ஆரம்பித்துவிடக் கூடாது. மூட்டிலிருந்து நீரெடுத்துச் சோதிக்கும்போது கிருமி சிக்காமல் போய்விடலாம், சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பது கடினமாகிவிடும். இதைக் குடும்பத்தாரிடம் எழுதியே கொடுத்தனுப்புங்கள்.

ஒன்பதாம் படி: வீட்டுக்கு அனுப்பும் நாள்

டிஸ்சார்ஜ் அன்று எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டிவிட்டு முடித்துவிடாதீர்கள். ஒரு முறை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து காட்டச் சொல்லுங்கள், ஊசியை வீட்டில் போடப்போகிறவரை உங்கள் கண்முன் ஒரு முறை போட வையுங்கள், எந்த நிலையில் யாரை அழைப்பீர்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

பயப்பட வேண்டாதவற்றையும் சொல்லி அனுப்ப வேண்டும். முட்டி சில மாதங்கள் வரை வீங்கி, தொட்டால் கொஞ்சம் சூடாகவே இருக்கும். மடக்கும்போது உள்ளே 'டக்' என்று சத்தம் வரலாம், உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும் சத்தம் அது. தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்திருக்கும். கீறும்போது அந்த இடத்துக்குப் போகும் சின்ன நரம்பு வெட்டுப்படுவதால் இப்படி ஆகிறது, நாளாக நாளாகப் பரப்பு சுருங்கும். ஒரு அம்மா மூன்று வாரம் கழித்து அழுதுகொண்டே வந்தார், ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது, காலில் உணர்ச்சியே இல்லை என்று. அவர் விரலைப் பிடித்து மரத்த இடத்தின் ஓரத்தைச் சுற்றி வரைய வைத்தேன். பேனாவால் கோடு போட்டு, "அடுத்த மாதம் வரும்போது மறுபடி வரைந்து பார்ப்போம் அம்மா" என்றேன். அதன் பிறகு டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொருவருக்கும் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.